சுடாத கால்

அத்தியாயம் 14

போன வாரம் திலகவதியை நாம் விட்டு வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். குருந்தவிடுதி பூக்குழிக்குப் பக்கத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், வேப்பமரத்தடியில் ஒரு 108 வண்டி, நடுவில் கழுத்தில் அடையாள அட்டையோடு அவள். புதுக்கோட்டையில் தீக்காய வார்டு நர்ஸ், இந்த ஊரின் மூத்த மருமகள் என்ற இரண்டு பெருமையும் சேர்ந்து முகத்தில் தெரிந்தது.

தீப்பட்ட இடத்தில் பேனா மையையும் பற்பசையையும் அப்பி, சீழ் பிடித்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற வழக்கத்தை மாவட்டம் முழுக்க மாற்றிக் காட்டுவது என்று அவளும் டாக்டர் அன்புமொழியும் கிளம்பி இரண்டு வருஷமாகிறது. பட்டவுடன் குழாய்த் தண்ணீர், அப்புறம் சுத்தமான துணி, வார்டுக்கு ஒரு போன், நேராக ஆம்புலன்ஸ். பாடம் இவ்வளவுதான். ஆரம்ப சுகாதார நிலையங்கள் கற்றுக்கொண்டன. ஆம்புலன்ஸ்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். கோயில்கள்தான் மசியவில்லை.

பூக்குழி ஓரத்தில் தண்ணீர் வைப்பதாவது! அம்மன் பார்த்துக்கொள்ள மாட்டாளா? விரதம் சுத்தமாக இருந்தால் தீ எப்படிச் சுடும்?

முதன்முதலில் சம்மதித்தது குருந்தவிடுதி. அங்கே கோயில் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர் சேவுகன். திலகவதியின் மாமனார்.

ஞாயிற்றுக்கிழமை பூக்குழியில் இருளாயி மகள் தடுமாறிக் கையையும் காலையும் சுட்டுக்கொண்டாள். தொட்டித் தண்ணீரில் நிற்க வைத்தார்கள், வண்டியில் ஏற்றினார்கள், பெண் தப்பித்தது. மற்றபடி யாருக்கும் ஒரு காயமும் இல்லை.

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

வியாழக்கிழமை காலை. புதுக்கோட்டை திருக்கோகர்ணம் வீட்டில் திலகவதி சட்னி தாளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமியார் அழகம்மாள்.

“திலகா, வேப்பெண்ணெயில பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சுனா புண்ணு ஆறுமாத்தா?”

“யாருக்கு அத்தை?”

“சும்மா கேட்டேன்.”

காலை வேளையில் மாட்டையும் அடுப்பையும் விட்டுவிட்டுச் சும்மா போன் போடுகிறவள் இல்லை அழகம்மாள். திலகவதி அடுப்பை அணைத்தாள்.

“மாமா எங்க?”

“மோட்டார் கொட்டகையில. ஞாயித்துக்கிழமையில இருந்து அங்கிட்டுத்தான் படுக்கை. கேட்டா, காப்பு அவுக்குற வரைக்கும் தனியா இருக்கணும்ங்கிறாரு. இத்தனை வருசமா இல்லாத வழக்கம்.”

“அத்தை, மாமாவுக்குக் கால்ல பட்டிருக்கா?”

அழகம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“நீ யாருகிட்டயும் சொல்லிறாத. காரியக்காரருக்கே சுட்டுருச்சுன்னா ஊரு என்ன பேசும்? மஞ்சப்பொடி வச்சுக் கட்டியிருக்கேன். நேத்து ராவுல இருந்து ஒடம்பு அனலாக் கொதிக்குது.”

“வலிக்குதுன்னு சொல்றாங்களா?”

“அதாந்தா எனக்குப் பயமா இருக்கு. வலியே இல்லைங்கிறாரு.”

கேட்டது வேறு யாராக இருந்தாலும் வலி இல்லை என்பது நல்ல சேதியாக இருந்திருக்கும். திலகவதிக்கு அதன் அர்த்தம் தெரியும். அது மட்டுமா, பொங்கலிலிருந்தே தெரியும்.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, களத்துச் சிமெண்டுத் தரையில் ரத்தச் சுவடு கிடந்தது. ஒற்றைக் கால் சுவடு. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மாமனார் கட்டிலில் உட்கார்ந்து கடலை விதையைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். உள்ளங்காலில் கருவேல முள் முழுசாக இறங்கியிருந்தது.

திலகவதி குனிந்து முள்ளைப் பிடுங்கினாள். அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. முள் வெளியே வந்தது அவருக்குத் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். இருவர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன.

“இப்ப உள்ள முள்ளுக்கெல்லாம் அந்தக் கூர்மை இல்லத்தா” என்று சிரித்தார்.

சர்க்கரை வியாதி பாதத்து நரம்பைத் தின்றுவிட்டது என்று நர்ஸுக்குப் புரிய அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றைக்கே கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போயிருக்க வேண்டும். பண்டிகை நாளில் வேண்டாம் என்று விட்டாள்.

மாசியில் ஊர்க்கூட்டம் நடந்தது. பூக்குழிக்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும் என்று திலகவதி கேட்டாள். தண்ணீர்த் தொட்டி, ஆம்புலன்ஸ், மூன்றாவதாக, சர்க்கரை உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு இறங்க விடுவது.

சேவுகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தண்ணி வச்சுக்க. வண்டிய நிப்பாட்டிக்க. காப்புக் கட்டுன ஆளுக காலத் தொட்டுப் பாக்குற வேலையெல்லாம் வேணாம். அத விட்டுட்டேன்னா, கூட்டத்துல நானே பேசி முடிச்சுத் தாரேன்.”

அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் தலையை ஆட்டினாள். “ஊர்ல ஒத்துக்கல மேடம்” என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். ஒரு கோயில் வழிக்கு வந்தால் மற்றவை பின்னாலேயே வரும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு தப்பவில்லை. சுற்றுவட்டத்து ஊர்க்காரர்களெல்லாம் நாளைக்கு, வெள்ளிக்கிழமை, டாக்டர் கூட்டியிருக்கிற கூட்டத்துக்கு வருகிறார்கள், குருந்தவிடுதி மாதிரியே செய்வதற்கு.

*

கறம்பக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கொழுந்தன் ஆனந்தராஜ் குட்டியானையோடு நின்றான். கீரமங்கலத்துக்குத் தேங்காய் ஏற்றி இறக்குகிற வண்டி.

“என்ன மதினி, திடீர்னு? ஆத்தா வரச்சொன்னுச்சா? என்ன ஏதுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது.”

“மாமாவைப் பாக்கணும்.”

“அவரப் பாக்கக் கெடைக்குதா? சாமியாராப் போயிட்டாரு. சோத்தக்கூட வாசப்படியில வச்சுட்டுப் போகச் சொல்றாராம். என்னையும் உள்ள விடல.” வண்டியைக் கிளப்பிக்கொண்டே சிரித்தான். “ஆனா ஒண்ணு மதினி. ஒங்க தொட்டிக்கு ஊருக்குள்ள நல்ல பேரு. இருளாயி மக தேறிருச்சுல்ல? ‘சேவுகன் மருமக இல்லைன்னா எம்புள்ள காலு போயிருக்கும்’னு இருளாயி தெருத் தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரியுது.”

திலகவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள்.

“அண்ணன் மஸ்கட்ல இருந்து போன் போட்டு, ‘அப்பா நடுக்குழியில நின்ன வீடியோவ அனுப்புடா’ன்னு கேட்டுச்சு. பாத்தீங்கள்ல? எல்லாரும் ஓடுறாக, இவரு நடுவுல நிக்கிறாரு! ஊரே குலவ போட்டுச்சே.”

பார்த்தாள். பார்க்காமல் என்ன? நெருப்புக்கு நடுவில் கைகூப்பி நின்றார். பிறகு நிதானமாக வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டியைத் திரும்பியும் பாராமல் கோயிலுக்குள் போனார். அந்த நேரத்தில் இருளாயி மகளைத் தொட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள் திலகவதி. வேலை இருந்தது என்னவோ உண்மை. ஆனால் வேலை முடிந்த பிறகும் மாமனாரின் காலைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியவரும் என்று பயம். இதுவும் உண்மை.

ஊர் ஆர்ச்சையும் அதன் அடியில் மஞ்சள் பூசி நின்ற எல்லைக்கல்லையும் தாண்டி வண்டி உள்ளே திரும்பியது.

*

மோட்டார் கொட்டகைக் கதவைத் திறந்ததுமே வாடை சொல்லிவிட்டது. வேப்பெண்ணெய் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. வார்டில் நாள்தோறும் முகர்கிற அந்த வாடையை மாமனார் படுக்கையில் முகர்வோம் என்று திலகவதி நினைத்ததில்லை.

சேவுகன் சாக்குப் படுக்கையில் சாய்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

“வாத்தா. ஒங்க அத்தை வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாளே.”

அவள் உட்கார்ந்து, கட்டியிருந்த பழைய வேட்டித் துணியைப் பிரித்தாள். வலது பாதம் கொப்புளம் உடைந்து கிடந்தது. இடது பாதம் மோசம். அடிப்பாதம் வெளுத்துத் தோல் பட்டையாகிவிட்டது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. மஞ்சள்பொடியும் சீழும் சேர்ந்து காய்ந்திருந்தது. கணுக்காலுக்கு மேல் வரை சிவப்பு ஏறியிருந்தது.

அவள் பிரித்த துணியைத் திரும்ப மூடினாள். எத்தனை கால்களைப் பார்த்தவள்!

“ஆஸ்பத்திரிக்குப் போகணும் மாமா. இப்பவே.”

“நாளைக்குப் போவோம். நாளைக்குச் சாயங்காலம் காப்பு அவுக்குறாக. காப்போட எல்லை தாண்டக் கூடாதுல்ல.”

“நாளைக்கு வரைக்கும் தாங்காது. சீழு ரத்தத்துல கலந்துக்கிட்டு இருக்கு.”

“கலந்தா கலந்துட்டுப் போகட்டும். காரியக்காரனே எல்லை தாண்டிட்டான்னு ஆயிட்டா, அடுத்த வருசம் எவன் விரதத்த மதிப்பான்?”

வாசலில் நின்ற அழகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “சொல்லுத்தா, நீ சொன்னாத்தான் கேப்பாரு. நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன்.”

“அத்தை, மாமாவுக்குத் துவைச்ச வேட்டி ரெண்டு எடுத்துட்டு வாங்க. மாத்திரை டப்பாவும்.”

அழகம்மாள் தோட்டத்து வரப்பில் வீட்டைப் பார்த்து ஓடினாள். கொட்டகையில் இருவர் மட்டும்.

திலகவதி கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னால் காறித் துப்புவார். துப்பட்டும். துப்பிவிட்டாவது வண்டியில் ஏறட்டும்.

“மாமா, ஒங்க கால்ல உணர்ச்சி இல்லன்னு எனக்குப் பொங்கல்லயே தெரியும்.”

அவர் மணிக்கட்டுக் காப்பை உருட்டிக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சுதான் கூட்டத்துல தலைய ஆட்டுனேன். கால்ச் சோதனைய விட்டாத்தான் தொட்டி வைக்க விடுவீங்கன்னு விட்டேன். ஊருல நாலு பேரு பொழைக்கணும்னு ஒங்க கால வித்துட்டேன் மாமா. எம்மேல கோவமிருந்தா அடிங்க. ஆனா வண்டியில ஏறிட்டு அடிங்க.”

அழுகை வந்துவிட்டது. வார்டில் அழாத அழுகையெல்லாம் அந்த மோட்டார் கொட்டகையில் வந்தது.

சேவுகன் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“முள்ளப் புடுங்குனப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன்த்தா. நீ கண்டுபிடிச்சிட்டேன்னு அன்னைக்கே தெரியும். அதுக்காகத்தானே கூட்டத்துல அப்படிப் பேசுனேன்.”

திலகவதி கண்ணைத் துடைக்காமல் அவரைப் பார்த்தாள்.

“நீ என்னத்த வித்த? ஒன்னைய விடப் பெரிய வியாபாரி நாந்தான்.” சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. “வயசுல பூக்குழி எறங்குனா சுடும்த்தா. நல்லாச் சுடும். பல்லக் கடிச்சுக்கிட்டு, தாயே தாயேன்னு ஓடுவோம். அதான் பக்தி. போன ரெண்டு வருசமா எனக்குச் சுடல. கட்டாந்தரையில நடக்குற மாதிரி இருந்துச்சு. மொத வருசம் அம்மன் கருணைன்னு நானும்தான் அழுதேன். அப்புறம் ஒருநா வெந்நீர் அண்டாவுல காலு பட்டு, அதுவும் தெரியல. சர்க்கரைதான்னு வெளங்கிருச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?”

“யாருகிட்ட சொல்ல? ஊரு எங்கால்ல விழுந்து கும்புடுது. மெதுவா நடந்து வாராரு பாரு, அருளு பாருங்குது. இல்லடா, இது வியாதிடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. நல்லா இருந்துச்சுத்தா அந்த மரியாதை.” குரல் உடைந்தது. “இந்த வருசம் நடுக்குழியில நின்னேன் பாரு, அது சாமிக்கில்ல. ஒன் தண்ணி எனக்குத் தேவையில்லைன்னு காட்டுற வீம்பு. அதான் தாயி சரியாக் கேட்டுட்டா. தண்டனைய வாங்கிக்கிட்டுக் கெடக்கேன். விட்ரு.”

“தண்டனையும் இல்ல ஒண்ணுமில்ல. நெருப்புல நின்னா வேகும் மாமா. ஒங்களுக்கும் வேகும், எனக்கும் வேகும்.” அவள் குரல் தன்னை அறியாமல் வார்டுக் குரலாகிவிட்டது. “நீங்க செத்துட்டா ஊரு ஒங்களச் சாமியாக்கிரும். அடுத்த வருசம் இன்னொரு சர்க்கரைக்காரரு நடுக்குழியில நிப்பாரு. அந்தப் பாவம் யாருக்கு?”

சேவுகன் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு காதுப் பக்கம் இறங்கியது.

கதவு திறந்தது. வேட்டியும் டப்பாவுமாக அழகம்மாள், அவள் பின்னால் விஷயம் தெரிந்து முகம் வெளிறிப்போன ஆனந்தராஜ்.

“பூசாரி ஆண்டிச்சாமியக் கூட்டியாரவாப்பா? காப்ப அவரு அவுத்து விட்டாருன்னா...”

“அவனக் கூப்புட்டா ஊரே பின்னாடி வரும்” என்றார் சேவுகன். பிறகு மணிக்கட்டை நீட்டினார், திலகவதியிடம். “ஒன் பையில கத்திரி இருக்கும்ல.”

இருந்தது. கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியை அவள் எடுத்துவிட்டாள். ஆனால் மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. படித்த பெண்தான், நர்ஸ்தான். இருந்தாலும் அதே அம்மனுக்கு மாவிளக்கு போட்ட மருமகள்.

அழகம்மாள் அவளைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“காப்புல இரும்பு படக்கூடாது.”

முடிச்சை நகத்தால் நெம்பினாள். எண்ணெய் ஏறி இறுகியிருந்த முடிச்சு. பல்லால் கடித்து இளக்கினாள். கயிறு கையோடு வந்தது. அதைக் கண்ணில் ஒற்றி, முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள்.

“பாவம் வந்தா எனக்கு வரட்டும். நான்தானே அவுத்தேன்.” நிமிர்ந்து திலகவதியின் கன்னத்தைத் தடவினாள். “நீ படிச்ச புள்ள. நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும். ஒன்ன நம்பித்தாந்தா அவுத்தேன்.”

சேவுகன் மருமகளைப் பார்த்தார். வேண்டாம், தெரிந்தே விட்டதை இவளிடம் சொல்லாதே என்று அந்தப் பார்வை சொன்னது. திலகவதி வாயை மூடிக்கொண்டாள்.

*

திலகவதி போனில் சொல்லியிருந்தபடியே 108 வண்டி ஊருக்குள் வரவில்லை. எல்லைக்கல்லுக்கு அப்பால் மெயின்ரோட்டில், சத்தம் போடாமல் நின்றது. குட்டியானையின் முன்சீட்டில் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேவுகன், கல்லைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார். ஆர்ச் நிழலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். காரியக்காரரின் வெறும் மணிக்கட்டை அவர்கள் பார்க்காமல் இருந்திருக்க வழியில்லை.

ஆம்புலன்ஸில் இருந்தவன் கவியரசன். போன வருஷம் திலகவதியிடம் பயிற்சிக்கு வந்து, ‘மை தடவினா என்ன மேடம் தப்பு?’ என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவன். இன்று ஒரு வார்த்தை வீணாகப் பேசவில்லை. அனல் பறக்கும் காய்ச்சலைப் பார்த்தான், சர்க்கரையைப் பார்த்தான், காலைச் சுத்தத் துணியால் மூடினான், டிரிப் ஏற்றினான், வார்டுக்கு அவனே போன் செய்தான்.

“நாலு நாள் ஆன காயம். சர்க்கரை இருக்கு. காய்ச்சல் இருக்கு. பெட் ரெடியா மேடம்?”

புதுக்கோட்டையில் வண்டி நின்றபோது தள்ளுவண்டி வாசலில் காத்திருந்தது. நேராக வார்டு. அங்கே காத்திரு, இங்கே காத்திரு என்று யாரும் சொல்லவில்லை. திலகவதி ஊர் ஊராகப் போய்த் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அவள் கண் முன்னால் பிசகில்லாமல் நடந்தது. அவளுக்கு அதில் சந்தோஷப்பட முடியவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்தார்கள், தன்னைத் தவிர.

டாக்டர் அன்புமொழி காயத்தைக் கழுவிப் பார்க்கும் வரை அழகம்மாள் மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஆனந்தராஜ் கதவருகில்.

“எப்படிப் பட்டுச்சு?” டாக்டர் கேட்டார்.

“சுடுதண்ணி கொட்டிருச்சும்மா” என்று அழகம்மாள் முந்திக்கொண்டாள்.

“பூக்குழி” என்றார் சேவுகன், கண்ணைத் திறக்காமல். “பூக்குழியில நின்னேன்.”

அழகம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் ஒரு மெல்லிய குச்சியால் அவர் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். தொடுவது தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கணுக்கால் வரை எங்கேயும் தெரியவில்லை.

“மருந்து ஏத்தி, சீழ எடுத்து, சர்க்கரைய எறக்கணும். இன்னைக்கு வந்ததால உயிர் தப்பிச்சீங்க. அந்த ரெண்டு விரலு நிக்குமா, சீழு இதுக்கு மேல ஏறாம நிக்குமான்னு ரெண்டு நாள் பாத்துத்தான் சொல்ல முடியும்.” கையுறையைக் கழற்றினார். “இந்த உணர்ச்சி இன்னைக்கு நேத்துப் போனதில்ல. எவ்வளவு நாளா இப்படி இருக்கு? வீட்ல யாருமே கவனிக்கலையா?”

“யாருக்கும் தெரியாதும்மா” என்றார் சேவுகன் சட்டென்று. “நான் யாருகிட்டயும் சொல்லல. மருமககிட்டகூடச் சொல்லல.”

தன் காலைக் கொடுத்தது போதாதென்று பொய்யையும் சேர்த்துக் கொடுக்கிறார். திலகவதிக்கு அதை வாங்கிக்கொள்ள ஆசையாகவும் இருந்தது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “மனசு விட்டுறாதீங்க திலகா. ஒங்க கையில என்ன இருக்கு, அவரே மறைச்சிருக்காரு. நீங்க வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க, நாளைக்குக் கூட்டத்த நான் பாத்துக்கிறேன். எல்லா ஊருலயும் தொட்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் சரின்னுட்டாங்க. கால்ச் சோதனை மட்டும் வேணாமாம், குருந்தவிடுதியில இல்லாம நல்லாத்தானே நடந்துச்சுங்கிறாங்க. அத அப்படியே விட்ருவோமா?”

குருந்தவிடுதி மாதிரியே. பங்குனி முடிந்து சித்திரை, அப்புறம் ஆடி. ஒவ்வோர் ஊரிலும் பூக்குழி, ஒவ்வொரு பூக்குழியிலும் சுடாத காலோடு, கைகூப்பி ஒரு சேவுகன். தொட்டித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். சுட்டதே தெரியாதவர் அதில் எதற்குக் கால் வைக்கப்போகிறார்?

“விடக் கூடாது மேடம்” என்றாள் திலகவதி.

“ஊர்ல ஒத்துக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஒத்துக்க வச்சிருக்கலாம். நான்தான் விட்டுக்குடுத்தேன்.” கட்டிலில் சேவுகன் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவாள். “மாமா கால்ல உணர்ச்சி இல்லன்னு எனக்குப் பொங்கல்லயே தெரியும் மேடம். தொட்டி வைக்க விடுவாருங்கிறதுக்காகச் சோதனைய வேணாம்னு விட்டேன். தெரிஞ்சேதான் எறங்க விட்டேன். நாளைக்குக் கூட்டத்துல நானே வந்து சொல்றேன்.”

டாக்டர் கையிலிருந்த கையுறையைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டே நின்றார். கதவருகில் ஆனந்தராஜ் மதினியைப் பார்த்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மஸ்கட்டில் இருக்கும் அவள் கணவனுக்காகத்தான் இருக்கும்.

தன் கையைப் பிடித்திருந்த கை விலகுவதைத் திலகவதி உணர்ந்தாள். மெதுவாக, ஒவ்வொரு விரலாக.

அழகம்மாள் முந்தானை நுனியில் இருந்த முடிச்சை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். அவிழ்த்த காப்பு உள்ளே இருந்தது. பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரிஞ்சேவாத்தா விட்ட?”